நிமிர்த்தும் நூலும் குனியவைக்கும் நூலும்

பங்கு நூலகம் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்துவோர்க்கு ஓர் உண்மை விரைவிலேயே புலனாகிவிடும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆண்கள் வந்து நாளிதழ்களைப் புரட்டிவிட்டுச் செல்வார்கள். மாணவர்கள் தேர்வுக்குரிய நூல்களைத் தேடுவார்கள். நூல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அடுப்படி வேலைக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் இடையே படித்து முடித்து, உரிய நாளில் திருப்பித் தருவோர் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் இன்று மிகுதியாகக் கேட்பவை கதை நூல்கள் அல்ல; புனிதர் வரலாறுகளும் அல்ல. தன்னம்பிக்கை நூல்களையும் தன்முன்னேற்ற நூல்களையுமே கேட்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்குமுன் தையல் தொழில் செய்யும் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்து, "மனசுக்குத் தெம்பு குடுக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேணும் சார்" என்று கேட்டார். கணவர் குடிக்கு அடிமைப்பட்டவர். வீட்டில் கடன் தொல்லை வேறு. நானே தேர்ந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தேன். இரு வாரம் கழித்து, அட்டை கசங்காமல் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். எப்படி இருந்தது என்று வினவினேன். "நல்ல புத்தகம்தான் சார். எல்லாம் நம்ம கையிலதான் இருக்குன்னு சொல்லுது. அப்படின்னா இதுவரைக்கும் நடந்தது எல்லாமே என் குத்தம்தானே?" என்றார்.

அவர் குறைகூறும் நோக்கில் பேசவில்லை. படித்ததை நேர்மையாக நம்பி, அதன் முடிவு வரை நடந்துபோய்ப் பார்த்தவரின் குரல் அது. தெம்பு வேண்டி வந்தவர் தோளில் நான் இன்னொரு சுமையை ஏற்றி அனுப்பியிருந்தேன். அன்று முதல் இவ்வகை நூல்களை வேறு கண்கொண்டு படிக்கலானேன். அவ்வாறு படித்ததில் கண்டவற்றை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோன்றிய இடம்

தன்முன்னேற்ற நூல் என்னும் வகைக்குப் பெயர் தந்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ். 1859-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த அவருடைய 'செல்ஃப் ஹெல்ப்' முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 20,000 படிகள் விற்றது. உழைப்பாலும் விடாமுயற்சியாலும் உயர்ந்த பொறியாளர், கைவினைஞர், அறிவியலாளர் ஆகியோரின் வாழ்க்கைத் துணுக்குகளால் நிறைந்தது அந்நூல். இரண்டு செய்திகளை அதைப்பற்றி இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, அதில் எடுத்துக்காட்டாக நிற்போர் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். மற்றொன்று, அந்நூல் பிறந்த விதம். லீட்ஸ் நகரத்து இளந்தொழிலாளர் சிலர் ஒருவருக்கொருவர் எழுத்தும் கணக்கும் கற்பிக்க மாலை வகுப்பு ஒன்றைத் தாங்களே நடத்திவந்தார்கள். அவர்கள் அழைக்கவே, 1845-இல் ஸ்மைல்ஸ் அங்குச் சென்று உரையாற்றினார். அவ்வுரைகளே பின்னர் நூலாக வளர்ந்தன. ஆகவே, 'தனக்குத் தானே உதவி' என்று பெயர்பெற்ற நூல், உண்மையில் பலர் கூடி ஒருவருக்கொருவர் உதவிய ஓர் அறையில் கருக்கொண்டது. பின்வந்தோர் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்த அறையை மறந்துவிட்டார்கள்.

அதே 1859-இல் தமிழில் 'நீதிநூல்' வெளிவந்தது. இயற்றியவர் நம் திருச்சபையைச் சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பின்னாளில் பெண்களுக்கென்றே 'பெண்மதி மாலை'யையும் அவர் பாடினார். அதில் அக்காலத்துக்குரிய அறிவுரைகள் பல உண்டு; அவற்றுள் சிலவற்றை இன்றைய பெண் ஏற்கமாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை. ஆயினும் அவர் பெண்ணை நோக்கி அறிவுரை கூறியதோடு நின்றுவிடவில்லை. பெண் கல்வி வேண்டும் என உரைநடையில் வாதாடினார். அவ்வாதத்தைக் கல்வியின் கதவை அடைத்துக்கொண்டு நின்ற ஆண்களை நோக்கியே தொடுத்தார். 1879-இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாளை ஆணுடையில் அரியணை ஏற்றி, நாடாளவும் வைத்தார். ஆற்றல் பெண்ணிடம் இல்லாமற் போகவில்லை, அதற்கு இடந்தான் மறுக்கப்பட்டது என்பதே அக்கதைப் பகுதி நமக்கு உணர்த்தும் பொருள் எனலாம். பெண்ணிடம் 'முயல்க' என்று சொல்பவர், அவள் முயலும் பாதையில் கல் வைத்திருப்பவனிடமும் ஒரு சொல் சொல்ல வேண்டாமா? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு நம் காலத்து நூல்களுக்கு வருவோம்.

பழி யார்மேல்?

முதலில் இந்நூல்களுக்குரிய நன்மையைச் சொல்லிவிடுவது நேர்மை. நாள்தோறும் சிறிது நேரத்தைத் தனக்கென ஒதுக்கவும், அச்சமின்றிப் பேசவும், கணக்கு எழுதி வைக்கவும், 'இயலாது' என்று மறுக்கவும் எத்தனையோ பெண்கள் இவற்றிலிருந்து கற்றிருக்கிறார்கள். பிறந்தது முதல் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே அழைக்கப்பட்ட ஒருவரை, 'நீ' என்று நேர்முகமாக விளித்துப் பேசிய முதல் நூல் இதுவாகவே இருந்திருக்கக்கூடும். அந்த விளியின் ஆற்றலை இகழ்வதற்கில்லை.

குறை அதன் கணக்கில் இருக்கிறது. லூயிஸ் ஹே என்னும் அமெரிக்கப் பெண்மணி 1984-இல் எழுதி, உலகெங்கும் பரவிய 'யூ கேன் ஹீல் யுவர் லைஃப்' என்னும் நூலில் ஒரு பட்டியல் உண்டு. ஒரு பக்கம் நோய்களின் பெயர். எதிரே அந்நோய்க்குக் காரணமாகக்கூடிய மனநிலை. அதற்கு மாற்றாக நினைக்கவேண்டிய எண்ணம். தம் உடலை வெறுத்துவந்த பெண்ணுக்கு இந்நூல் அன்பான தோழியாகத் தோன்றும். ஆனால் மருந்துண்டும் தீராத நோயாளி அந்தப் பட்டியலைப் படித்தால் என்ன நினைப்பார்? நோயோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். 2006-இல் ராண்டா பைர்ன் எழுதிய 'இரகசியம்' இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோயிற்று. எண்ணமே நிகழ்ச்சிகளை ஈர்க்கிறது என்பது அதன் கொள்கை. நன்மையை ஈர்த்தவள் நான் என்றால், தீமையையும் ஈர்த்தவள் நானே என்பது அக்கொள்கையின் மறுபக்கம். அந்த மறுபக்கத்தைத்தான் நம் தையற்காரப் பெண்மணி தம் சொந்த அறிவாலேயே கண்டுபிடித்தார்.

இக்கணக்கு புதியதன்று. பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறக்கக் காரணம் இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டதை யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். இயேசு இரண்டையும் மறுத்தார். துன்புறுவோர்மீது அத்துன்பத்துக்கான பழியையும் சுமத்தும் வழக்கம் நம் மனத்தில் ஆழ வேரூன்றியது. அது பழைய உடையைக் களைந்து, 'நேர்மறை எண்ணம்' என்னும் புத்தாடை உடுத்தி வரும்போது நாம் அடையாளம் காணத் தவறிவிடுகிறோம்.

இவ்வகையில் மதிக்கத்தக்க சான்று ஒன்று உண்டு. ஃபேஸ்புக் நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்த ஷெரில் சாண்ட்பெர்க் 2013-இல் 'லீன் இன்' என்னும் நூலை வெளியிட்டார். பணியிடத்தில் பெண்கள் பின்னிருக்கையில் ஒதுங்காமல் முன்வந்து அமர வேண்டும். இல்லத்தில் கணவர் பாதிச் சுமையை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். பெண்கள் சிறு குழுக்களாகக் கூடவும் அவர் ஊக்கம் தந்தார். ஆனால் 2015-ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய கணவர் திடீரென இறந்துபோனார். ஓராண்டு கழித்து, 2016-இல் அன்னையர் நாளையொட்டி எழுதிய குறிப்பில், துணையின்றித் தனியே பிள்ளை வளர்க்கும் பெண்களின் இடர்ப்பாட்டைத் தாம் முன்னர்ப் போதிய அளவு உணர்ந்து எழுதவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தம் நூலின் எல்லையைத் தாமே வாழ்ந்து கண்டு, அதை உலகறியச் சொன்ன ஆசிரியர் அரியர். அவ்வளவு செல்வமும் செல்வாக்கும் உடைய ஒருவருக்கே இதைக் கற்க ஒரு மரணம் வேண்டியிருந்தது. வாடகை வீட்டில் தையற்பொறியை மிதிக்கும் பெண் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுவிட்டார். அவரைக் கேட்டு எழுதுவோர்தாம் குறைவு.

நம் பக்கத்துக் குறை

பிறரைத் திறனாயும்போது நம் வீட்டையும் நோக்குவது முறை. நம் ஆலய வாயில்களில் விற்கப்படும் சிறு பக்தி நூல்களில், பெண்களுக்கென எழுதப்பட்டவை என்ன கூறுகின்றன? பொறுத்துக்கொள், மன்னித்துவிடு, செபமாலை சொல், உன் கண்ணீர் கணவரை மனந்திருப்பும். பொறுமையும் மன்னிப்பும் செபமும் நற்செய்தியின் விழுமியங்களே. அவற்றை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அடிபட்ட பெண்ணிடம் பொறுமையை மட்டும் போதித்து, அடித்தவனிடம் ஒன்றும் கூறாத நூல் நற்செய்தியில் ஒரு பாதியைக் கிழித்தெறிந்த நூலாகும்.

இவ்விரு வகை நூல்களும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றலாம். ஒன்று 'எல்லாம் உன்னால் முடியும்' என்கிறது. மற்றொன்று 'உன்னால் ஆவது ஒன்றுமில்லை, பொறுத்திரு' என்கிறது. எனினும் ஓரிடத்தில் இவை கைகோத்துக்கொள்கின்றன. இரண்டுமே மாறவேண்டியவர் அந்தப் பெண் ஒருவரே என்று கருதுகின்றன. இரண்டுமே அவரைத் தனியே விட்டுச் செல்கின்றன.

அவிலாவில் எழுதப்பட்ட ஒரு நூல்

பெண்ணின் வளர்ச்சிக்காகப் பெண் எழுதிய நூல் நம் மரபில் இல்லையா? உண்டு. 1515-இல் ஸ்பெயின் நாட்டு அவிலா நகரில் பிறந்த புனித தெரேசா, நூல்களாலேயே உருவானவர். இளமையில் தாயோடு சேர்ந்து வீரசாகசக் கதைகளை விரும்பிப் படித்தார். பின்னர்த் தம் உறவினர் ஒருவர் தந்த செபநூல் அவருக்கு உள்மன செபத்தின் வாயிலைத் திறந்தது. புனித அகுஸ்தினாரின் 'ஒப்புதல்கள்' அவரை மேலும் உருக்கியது. இத்தகைய வாசகருக்கு 1559-இல் ஒரு பேரிடி விழுந்தது. தலைமை விசாரணையாளர் வால்தேசு வெளியிட்ட தடைப்பட்டியல், தாய்மொழியில் அமைந்த ஆன்மிக நூல்கள் பலவற்றை விலக்கியது. இலத்தீன் கல்லாத பெண்களுக்கு இதனால் நூலகமே மூடப்பட்டது போலாயிற்று. தெரேசா பெரிதும் வருந்தியதைத் தம் வரலாற்றிலேயே பதிவுசெய்திருக்கிறார்.

மூன்றாண்டுகளுக்குப்பின், 1562-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், நான்கு பெண்களோடு புனித யோசேப்பு மடத்தைத் தொடங்கினார். செபத்தைப்பற்றித் தங்களுக்கு எழுதித்தரும்படி அச்சகோதரிகள் வேண்டினார்கள். அவ்வேண்டுகோளுக்கு விடையாக எழுந்ததே 'நிறைவின் வழி' என்னும் நூல். படிக்க நூலில்லாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு, ஒரு பெண் தம் கையால் எழுதித் தந்த நூல் அது.

அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் இன்றைய தன்முன்னேற்ற நூலுக்கும் அதற்கும் உள்ள தொலைவு விளங்கும். செப வாழ்வுக்கு அடித்தளமாக அவர் மூன்றைக் கூறுகிறார்: ஒருவர் மற்றவரிடம் கொள்ளும் அன்பு, பற்றறுத்தல், தாழ்ச்சி. உள்மன அமைதி பற்றிய நூல், உடன்வாழும் பெண்களிடம் காட்டவேண்டிய அன்பில் தொடங்குகிறது. 'நீ' என்று ஒருமையில் அவர் பேசுவதும் அரிது. 'மகள்களே', 'சகோதரிகளே' என்று பன்மையிலேயே விளிக்கிறார். நூலின் பிற்பகுதி முழுவதும் இயேசு கற்பித்த செபத்துக்கு விளக்கமாக அமைகிறது. எந்தப் பெண்ணும் மனப்பாடமாக அறிந்த, எந்தத் தடைப்பட்டியலாலும் பறிக்கமுடியாத செபம் அது. அதுவும் 'எங்கள்' என்று பன்மையில் அமைந்த செபம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தாழ்ச்சி என்பதைத் தன்னை இழிவாக எண்ணுதல் என்று அவர் கொள்ளவில்லை. உண்மையில் நடத்தலே தாழ்ச்சி என்பது அவர் தரும் விளக்கம். உள்ளதை உள்ளவாறு ஏற்பதில் தன் குற்றத்தை ஏற்பதும் அடங்கும். தன்னுடையதல்லாத குற்றத்தை ஏற்க மறுப்பதும் அடங்கும் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன். 1577-இல் எழுதிய 'உள்மனக் கோட்டை'யில் தன்னறிவின் தேவையை வலியுறுத்தும் அவர், தன்னையே நோக்கிக்கொண்டு அதிலேயே அமிழ்ந்துபோவதை எச்சரிக்கவும் செய்கிறார். தேனீ கூட்டில் உழைத்தாலும் மலர்தேடி வெளியே பறந்தாக வேண்டும் என்பது அவர் காட்டும் உவமை.

'நிறைவின் வழி'யின் முதற்படியில் மற்றொரு பகுதியும் இருந்தது. ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த காலத்தில் பெண்களை வெறுத்தொதுக்கவில்லை. அவர்களிடம் மிகுந்த அன்பையும் நம்பிக்கையையும் கண்டார். ஆனால் இவ்வுலகின் நடுவர்களோ ஆண்கள், பெண்ணின் எந்த நற்பண்பையும் ஐயத்தோடு நோக்குகிறவர்கள் என்னும் கருத்தை அவர் அங்கே எழுதியிருந்தார். எஸ்கோரியல் நூலகத்தில் காக்கப்படும் அவருடைய கையெழுத்துப் படியில் அவ்வரிகள் அடித்து மறைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் முறை எழுதிய படியில் அவை இல்லவே இல்லை. பின்வந்த ஆய்வாளர்கள் அடித்தலுக்கு அடியிலிருந்து அவற்றைப் படித்தெடுத்தார்கள். தம் சகோதரிகளின் குறைகளை ஒளிவுமறைவின்றிச் சுட்டிய அதே தாய், அவர்களுடையதல்லாத தடை எது என்பதையும் சுட்டத் தயங்கவில்லை. அவரைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார். அச்சிறப்பைப் பெற்ற முதற்பெண் அவரே.

அவருடைய தன்வரலாற்றை 1921-இல் படித்து, 1922-ஆம் ஆண்டின் முதல்நாளில் திருமுழுக்குப் பெற்றவர் எடித் ஸ்டெய்ன். மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்தும், பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆவதற்குரிய தகுதிப்படியில் ஏற அவருக்கு வழி மறுக்கப்பட்டது. 'என் எண்ணத்தில்தான் குறை' என்று அவர் தம்மை நொந்துகொள்ளவில்லை. பிரஷ்ய அமைச்சகத்துக்கு முறையீடு அனுப்பினார். பெண்ணாயிருப்பது அத்தகுதிக்குத் தடையாகாது என்று 1920-இல் அமைச்சகம் அறிவித்தது. அதன் பயன் அவருக்குக் கிட்டவில்லை. பின்வந்த பெண்களுக்குக் கிட்டியது. உள்ளே திரும்பிச் செபிக்கவும், வெளியே கதவைத் தட்டவும் ஒரே பெண்ணால் இயலும் என்பதற்கு, 1942-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்ட இப்புனிதையின் வாழ்வு போதிய சான்று.

இரண்டு வினாக்கள்

எனவே, பெண்களின் வளர்ச்சிக்கென எழுதப்பட்ட எந்த நூலையும் கையிலெடுக்கும்போது இரண்டு வினாக்களை எழுப்புவோம். என் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்பதை இந்நூல் உண்மையோடு பிரித்துக் காட்டுகிறதா? படித்து முடித்ததும் என்னை யாரோடு விடுகிறது; என் தனிமையோடா, இறைவனோடும் துணைவரோடுமா? இவ்விரு வினாக்களுக்கும் தகுந்த விடை தரும் நூல், மறைநூலாக இல்லாவிடினும் நமக்கு நன்மை செய்யும். தராத நூல், ஆலய வாயிலில் விற்கப்பட்டாலும் நம்மை வளர்க்காது.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் 18 ஆண்டுகளாகக் கூன் விழுந்திருந்த ஒரு பெண்ணைக் காண்கிறோம். அவரால் சிறிதும் நிமிர முடியவில்லை என்று நற்செய்தியாளர் தெளிவாகவே எழுதுகிறார். இயேசு அவரை 'நிமிர முயற்சி செய்' என்று அறிவுறுத்தவில்லை. 'இப்படியே இருந்து பலன் தேடு' என்று ஆறுதல் கூறவுமில்லை. கண்டார், அழைத்தார், கைகளை வைத்தார். நிமிர்ந்தவரோ தம் சொந்த முதுகெலும்பாலேயே நின்றார். தம் சொந்தக் குரலாலேயே இறைவனைப் புகழ்ந்தார். சினங்கொண்ட தொழுகைக்கூடத் தலைவருக்கு விடையிறுக்கையில், ஆண்டவர் அப்பெண்ணை ஆபிரகாமின் மகள் என்று குறிப்பிட்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் எழுதிய 'பெண்ணின் மாண்பு' மடலில் இப்பெயரை எடுத்துக்காட்டி மகிழ்கிறார்.

நான் தவறான நூலைக் கொடுத்தனுப்பிய பெண்மணியை மீண்டும் அழைத்தேன். அவரும் அவருடைய அன்பியத்தைச் சேர்ந்த இன்னும் நால்வரும் மாலை வேளைகளில் நூலகத்தில் கூடிப் படிக்கத் தொடங்கினார்கள். முதலில் இந்தப் பகுதியைத்தான் படித்தோம். படித்து முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் அவர்தாம் கேட்டார்: "பதினெட்டு வருஷம் அந்தம்மா அங்க வந்துட்டுப் போயிருப்பாங்க இல்ல சார்? அந்தக் கூட்டத்துல ஒருத்தர்கூடவா ஒரு கை குடுக்கல?"

நான் விடை கூறவில்லை. அந்தக் கூடத்தில் நாற்காலிகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவர்களுள் நானும் ஒருவன் அல்லவா?